ஸ்ரீகாந்த் அடித்த 38: ஒரு கணக்குப் பாடம்



ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் புள்ளியியல் பாடம் முடிந்ததும் டீச்சர் ஒரு வேலை கொடுத்தாங்க. புத்தகத்தில் இருக்கிற எண்களையே திரும்பத் திரும்பப் போடாமல், வெளியிலிருந்து பத்துப் பதினோரு எண்கள் கொண்டுவந்து, அதற்குச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கரண்ட் பில் கொண்டு வந்தாங்க. ஒருத்தி பால் சொசைட்டி அட்டை கொண்டு வந்தாள். நான் எங்க பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "1983 பைனல் ஸ்கோரை எழுது அம்முணி. பதினோரு பேரு, பதினோரு எண்ணு" என்றார்.

அந்த எண்கள் இவைதான். 1983 ஜூன் 25, லண்டன் லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி வெஸ்ட் இண்டீஸ். கவாஸ்கர் 2, ஸ்ரீகாந்த் 38, அமர்நாத் 26, யஷ்பால் சர்மா 11, சந்தீப் பாட்டீல் 27, கபில்தேவ் 15, கீர்த்தி ஆசாத் 0, பின்னி 2, மதன்லால் 17, கிர்மானி 14, சந்து ஆட்டமிழக்காமல் 11. உதிரிகள் 20. மொத்தம் 183. அப்போது உலகக் கோப்பை ஆட்டம் என்றால் 60 ஓவர். நம்ம ஆட்கள் 54.4 ஓவரிலேயே ஆல் அவுட்.

இப்போது பாடத்துக்கு வருவோம். எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 0, 2, 2, 11, 11, 14, 15, 17, 26, 27, 38. நடுவில் இருப்பது ஆறாவது எண். ஆகவே இடைநிலை அளவு 14. அது கிர்மானியுடையது. உதிரிகளை விட்டுவிட்டுக் கூட்டினால் 163 வருகிறது, அதைப் பதினொன்றால் வகுத்தால் கூட்டுச் சராசரி 14.8. முகடு ஒன்றல்ல, இரண்டு: 2-ம் 11-ம். (கிரிக்கெட்காரர்கள் சராசரி போடும்போது அவுட் ஆன தடவையால் மட்டும்தான் வகுப்பார்கள். சந்து அவுட் ஆகாததால் 10-ஆல் வகுத்து 16.3 என்பார்கள். பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும், ஜாக்கிரதை.)

அந்த வரிசையின் கடைசி எண்ணைப் பாருங்கள். 38. வெஸ்ட் இண்டீஸ் திரும்ப ஆடி 140-க்கு ஆல் அவுட் ஆனது, நாம் 43 ரன்னில் ஜெயித்தோம். அவர்களில் அதிகம் எடுத்தவர் விவியன் ரிச்சர்ட்ஸ், 33. ஆக அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மட்டை பிடித்த 22 பேரில் 38-ஐத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. நான் அந்த எண்ணுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா பேச ஆரம்பித்தவர் கரண்ட் போய் வரும்வரை நிறுத்தவில்லை. அதனால்தான் கணக்கு நோட்டில் ஒரு பக்கமாக இருந்தது இப்படிக் கட்டுரையாக ஆகிவிட்டது.

நம்ம வயசுப் பிள்ளைகளுக்குக் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்தைத் தெரிந்தால், டி.வி.யில் தமிழில் கலகலவென்று வர்ணனை பேசுகிற பெரியவராகத்தான் தெரியும். எங்கள் அப்பா, பெரியப்பா, மாமா வயசுக்காரர்களுக்கு அவர் வேறு ஆள். 1959 டிசம்பர் 21-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த இன்ஜினியர். செல்லப் பெயர் 'சீக்கா'. 1981 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக இந்திய அணிக்குள் வந்தார். பம்பாயில் ஆடிய முதல் டெஸ்ட்டிலேயே ஒரு வேடிக்கை. பந்தைத் தட்டிவிட்டு, ரன் ஓடவும் இல்லாமல், கோட்டை விட்டு வெளியே சும்மா நடந்து போனார். எம்புரி என்கிற பவுலர் பந்தை எடுத்து ஸ்டம்பில் எறிந்துவிட்டார். ரன் அவுட்! தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் தொடக்க ஆட்டக்காரராக இந்தியாவுக்கு ஆடப் போய், நடைபயிற்சியில் அவுட் ஆகி வந்தார் என்று இன்றைக்கும் எங்கள் தெரு டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிப்பில் கோபம் துளியும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம்ம வீட்டுப் பையன் தட்டிக் கொட்டிவிட்டதைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள்.

1983-ல் பெரியப்பாவுக்குப் பதினஞ்சு வயசு. ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் எடுபிடி. ஜூன் 25 சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சம்பள நாள். ஆட்டம் நம்ம நேரத்துக்கு மத்தியானத்துக்கு மேல்தான் தொடங்கியது. எங்கள் பக்கம் டி.வி. கிடையாது, ரேடியோதான். வர்ணனை இங்கிலீஷில். கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் மட்டும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். அவர் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு ரன்னை மட்டும் தமிழில் சொல்வாராம். "சம்பளக் கவர் குடுத்துட்டு இருக்கறாரு, நடுவுல நிறுத்தி 'சீக்கா நாலு' அப்படீம்பாரு. நாங்க கவரைப் பிரிச்சு எண்ணறதை மறந்துட்டு நின்னோம். வாரச் சம்பளத்தை எண்ணாம வாங்கினது என் வாழ்க்கையில அந்த ஒரு வாரந்தான்" என்றார் பெரியப்பா.

அந்த 38-ல் ஏழு நாலு, ஒரு ஆறு. எடுத்துக்கொண்டது 57 பந்து. பந்து போட்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்: ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். உலகம் பூராவும் பயந்து கிடந்த நாலு வேகப் பந்துக்காரர்கள். கவாஸ்கரே இரண்டு ரன்னில் போய்விட்டார். அந்த நேரத்தில் ராபர்ட்ஸ் போட்ட பந்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி ஆஃப் பக்கம் பளாரென்று அடித்தார் ஸ்ரீகாந்த். அதைப் படமாகப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அப்படியே முட்டி போட்டுக் காட்டுகிறார்கள். பெரியப்பாவும் காட்டினார். எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று, பெரியம்மா கை கொடுத்தார்கள். அவர் அந்த அடியை 1983-ல் பார்க்கவே இல்லை, காதால் கேட்டதோடு சரி. வருஷங்கள் கழித்துத்தான் டி.வி.யில் பார்த்தார். ஆனால் இப்போது கேட்டால் பார்த்த மாதிரியேதான் சொல்கிறார்.

இங்கே ஒரு நுணுக்கம். அதற்கு முந்தின சனிக்கிழமை ஜூன் 18. ஜிம்பாப்வேயுடன் ஆட்டம். கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தாரே, அதே ஆட்டம். அன்று ஸ்ரீகாந்த் எடுத்தது பூஜ்யம். இப்போது இரண்டு சனிக்கிழமைக்கும் சராசரி போடுங்கள். 0-ம் 38-ம் சேர்ந்து 38, இரண்டால் வகுத்தால் 19. ஆனால் 19 என்பது எந்தச் சனிக்கிழமை? இரண்டில் எதுவுமே இல்லை. அந்த உலகக் கோப்பையில் அவர் ஆடிய எட்டு ஆட்டமும் இதோ: 14, 20, 39, 2, 0, 24, 19, 38. மொத்தம் 156. சராசரி 19.5. ஏறுவரிசையில் எழுதி நடு இரண்டைக் கூட்டி வகுத்தால் இடைநிலை அளவும் 19.5! இரண்டும் ஒன்றாக வந்ததைப் பார்த்து டீச்சரே ஒரு தடவை சரிபார்த்தாங்க. இப்படி ஒற்றுமையாக வருகிற எண்களைப் பார்த்தால், இவர் நிதானமாக ஒரே மாதிரி ஆடுகிறவர் என்றுதான் தோன்றும். அப்படிச் சொன்னால் டீக்கடையில் அடிக்க வருவார்கள்.

எங்கள் பி.டி. சார் வேறு மாதிரி சொன்னார். "டெஸ்ட்ல 43 மேட்ச், 2062 ரன், சராசரி 29.88. ஒன் டேல 146 மேட்ச், 4091 ரன், சராசரி 29.01. ரெண்டுமே முப்பதைத் தொடலை. கவாஸ்கர் டெஸ்ட் சராசரி 51. உங்க பெரியப்பா பிரியத்துல பேசறாரும்மா." சார் சொன்ன எண்கள் சரிதான். இதற்குப் பெரியப்பா என்ன சொல்வார் என்று நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் கம்பெனி பாஷையில் பதில் சொன்னார். எனக்கு அதுதான் நன்றாகப் புரிந்தது, உங்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

பவர் டேபிளில் இரண்டு டெய்லர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடம் டேமேஜ் பீஸ் வருவது அபூர்வம், ஆனால் மெதுவாகத் தைப்பார். இன்னொருவர் மளமளவென்று தள்ளுவார், நடுநடுவே ஒரு டேமேஜ் விழும். ஒரு டேமேஜுக்கும் அடுத்த டேமேஜுக்கும் நடுவில் எத்தனை நல்ல பீஸ் என்பதுதான் கிரிக்கெட்டில் சராசரி. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் என்பது ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன். கவாஸ்கர் ஒரு நாள் ஆட்டத்தில் சராசரி 35, ஆனால் நூறு பந்துக்கு 62. ஸ்ரீகாந்த் சராசரி 29, நூறு பந்துக்கு 72 கிட்ட. 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 60 ஓவரும் நின்று கவாஸ்கர் 174 பந்தில் 36 எடுத்தார், அவுட் ஆகவே இல்லை. டேமேஜே இல்லாத வேலை. ஆனால் ஷிப்மெண்ட் போய்ச் சேரவில்லை, 202 ரன்னில் தோல்வி!

இன்றைக்கு 72 என்பது குறைவுதான், இப்போது ஒரு நாள் ஆட்டத்திலேயே நூறு பந்துக்குத் தொண்ணூறு, நூறு என்று போகிறார்கள். ஆனால் அந்தக் கால மிஷினை இந்தக் கால மிஷினோடு வைத்துப் பார்ப்பது நியாயமா? சிங்கர் மிஷினை மிதித்த காலத்தில் யார் வேகம் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குள்தான் பார்க்க வேண்டும். முதல் ஓவர் முதல் பந்திலிருந்து அடிக்கலாம் என்பதே அப்போது புதுசு. தொடக்க ஆட்டக்காரர் என்றால் பந்தின் பளபளப்புப் போகும்வரை தடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வைத்திருந்தார்கள். பி.டி. சாரிடம் இந்த டெய்லர் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்க பெரியப்பா சூப்பர்வைசர் ஆகியிருக்கணும்" என்றார். சராசரி விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் இறங்கி வரவில்லை.

ஞாபகங்களைச் சேகரிக்கும்போது ஒன்று கவனித்தேன். ஆட்களுக்கு ரன் ஞாபகம் இருப்பதில்லை. 1983 பைனலில் ஸ்ரீகாந்த் எத்தனை என்று கேட்டால் ஒருத்தர் அம்பது என்றார். ஒருத்தர் செஞ்சுரி என்றார். ஒரு மாமா கேப்டனே அவர்தான் என்று சத்தியம் பண்ணினார் (கபில்தேவ்தான் கேப்டன் என்று உங்களுக்குத் தெரியும்). சரியாக 38 என்று சொன்னவர் பெரியப்பா மட்டும்தான். ஆனால் எல்லோரும் தப்பே இல்லாமல் சொன்னது வேறு: பந்து வருவதற்கு முன்னால் அவர் சூரியனை அண்ணாந்து பார்ப்பது, மூக்கை உறிஞ்சுவது, ஒவ்வொரு பந்துக்கும் பிறகு லெக் பக்கம் தூரமாக நடந்து போய்த் திரும்புவது. இதை ஆண்கள் அத்தனை பேரும் எனக்கு நடித்தே காட்டினார்கள். வேஸ்ட் பனியன் துணியைச் சுருட்டி, நூல் சுற்றிப் பந்து பண்ணி, தென்னை மட்டையில் ஆடிய காலத்தில் தெருவில் எல்லாப் பையன்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் மட்டை பிடிப்பார்களாம். பெரியப்பாவுக்குச் சளி பிடித்துவிட்டது என்று எங்க ஆத்தா ஒரு வாரம் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஏழு நாளும் குடித்திருக்கிறார்.

இதுவரை நான் கேட்டது எல்லாம் ஆண்களிடம். வீட்டில் பொம்பளைகளிடம் கேட்டால் "எங்களுக்கு ஏது கண்ணு நேரம்" என்று முடித்துவிட்டார்கள். அத்தை மட்டும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, "ஒரே ஒரு ரன்னு" என்றார்கள்.

அத்தை சொன்னது 1987 அக்டோபர் 9. உலகக் கோப்பை, சென்னை சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். ஆஸ்திரேலியா 270. ஸ்ரீகாந்த் 70, சித்து 73. ஜெயித்தாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் இந்தியா 269-ல் ஆல் அவுட். இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஆஸ்திரேலியா ஆடும்போது டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்தை நாலு என்று கொடுத்திருந்தார்கள். இடைவேளையில் பேசி அதை ஆறாக மாற்றினார்கள். 268 ஆக இருந்தது 270 ஆனது. அந்த இரண்டு ரன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

அப்போது அத்தைக்குப் பதிமூணு வயசு. என்னைவிட ஒரு வயசு சின்னவர். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்று, ஒரு கம்பெனியில் கைமடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கை நிற்கக் கூடாது. ரேடியோ டெய்லர்கள் பக்கம் இருந்தது. தமிழ் வர்ணனை. ஆண்கள் எழுந்து போய் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டுவிட்டு வரலாம், பொம்பளைப் பிள்ளைகள் எழுந்தால் திட்டு விழும். அதனால் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், சத்தம் ஓய்கிறபோது கேட்கிற துண்டு துண்டான வார்த்தைகளை வைத்தே அத்தை ஆட்டத்தைப் புரிந்துகொண்டார்கள். "எனக்கு அவரு மூஞ்சியே தெரியாது. உயரமா, மீசை முறுக்கிட்டு, குதிரை வீரன் மாதிரி இருப்பாருன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அப்பறம் பக்கத்து வீட்டு டி.வி.ல பாத்தா அது வேற ஆளு. கொஞ்ச நேரம் வெசனமாப் போச்சு. அப்பறம் அவரு நடக்கறதைப் பாத்தேன், சரி, இவருதான்னு ஒத்துக்கிட்டேன்" என்றார்கள்.

கடைசி விக்கெட் விழுந்ததும் மிஷின் எல்லாம் நின்றுவிட்டதாம். ஒருத்தரும் பேசவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக அத்தைக்கு ரேடியோ தெளிவாகக் கேட்டது.

"நீங்க விளையாடியிருக்கீங்களா அத்தை?" என்று கேட்டேன். "பந்து பொறுக்கிப் போட்டிருக்கேன்" என்றார்கள்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீகாந்த் 1986-ல் சிட்னியில் 116, 1987 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சொந்த ஊர் சேப்பாக்கத்தில் 123 எடுத்தார். டெஸ்ட்டில் அவருக்கு அந்த இரண்டே சதம். 1988-ல் விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 70 ரன் அடித்ததோடு சுழற்பந்து போட்டு 5 விக்கெட்டும் எடுத்தார். 1989-ல் பாகிஸ்தானுக்குப் போன அணிக்கு அவர்தான் கேப்டன். நாலு டெஸ்ட்டும் டிரா. பதினாறு வயசு சச்சின் டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடியது அவர் தலைமையில்தான். தோற்காமல் வந்தும், மட்டையில் ரன் வராததால் கேப்டன் பதவி போயிற்று. 1992-ல் பெர்த் டெஸ்ட்டில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்தார், அது உலக சாதனைக்குச் சமம். ஆனால் அதுவே அவரது கடைசி டெஸ்ட். அதே வருஷ உலகக் கோப்பையோடு ஒரு நாள் ஆட்டமும் முடிந்தது. பிறகு 2008 முதல் 2012 வரை தேர்வுக் குழுத் தலைவராக இருந்தார். 2011-ல் கோப்பை ஜெயித்த அணியைத் தேர்ந்தெடுத்தது அந்தக் குழுதான்.

இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே 2025 நவம்பர் 2 வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி தென்னாப்பிரிக்கா. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஷபாலி வர்மா தொடக்க ஆட்டக்காரர். அவர் முதலில் அணியிலேயே இல்லை, வேறொருவருக்குக் காயம் பட்டதால் கடைசியில் கூப்பிட்டார்கள். வந்தவர் 78 பந்தில் 87 அடித்தார். தீப்தி சர்மா 58 ரன் எடுத்து, ஐந்து விக்கெட்டும் எடுத்தார். 52 ரன்னில் ஜெயித்தோம். பெண்கள் அணி உலகக் கோப்பை வாங்கியது அதுதான் முதல் தடவை. நம் அணியில் அன்று அதிகம் எடுத்தது தொடக்க ஆட்டக்காரர், 1983-ல் நடந்த மாதிரியே.

ஷபாலி அடிக்க ஆரம்பித்ததும் அத்தை டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். தம்பி, "ஏற்கெனவே நல்லாத்தானே கேக்குது" என்றான். "பரவால்ல, இன்னும் கூட்டு" என்றார்கள். பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து அத்தைக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பில் யாராவது இதே கணக்கைத் தாங்களும் போட்டுப் பார்க்க விரும்பினால், 1983 பைனலில் வெஸ்ட் இண்டீஸ் பதினோரு பேர் எடுத்தது கீழே இருக்கிறது. சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றும் கண்டுபிடித்து, பேர், வகுப்பு எழுதி, சுவரிதழ்ப் பலகைக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுங்கள். விடை அடுத்த இதழில்.

1, 13, 33, 8, 5, 8, 25, 18, 4, 5, 6

– ஒன்பதாம் வகுப்பு மாணவி